பின்படி காத்த மாசிலாமணியார்

மண்ணடியில் பழைய மாடிக் கட்டடங்களின் பின்புறம் போய்ப் பார்த்தால், சுவரை ஒட்டி இரும்புச் சுருள்படி ஒன்று நிற்கும். நெருப்புப் பிடித்தால் இறங்கி ஓட அதுதான் வழி. அந்தப் படிகளைச் செப்பனிட்டுப் பிழைத்தவர் மாசிலாமணியார். விடிந்ததும் குளித்து, திருநீறு பூசி, அதில் கொஞ்சத்தை முதல் படியிலும் தடவி, "முருகா, உன் பாரம்" என்பார். பிறகுதான் துரு சுரண்டும் உளியைத் தொடுவார். பற்றவைத்த ஒவ்வொரு படியிலும் ஏறி நின்று, முருகன் பெயரைச் சொல்லிக் குதிப்பார். தாங்கினால் அடுத்த படி. தாங்காவிட்டால் மறுபடியும் பற்றவைப்பார். தெருக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் குதிக்கிற மயில்.

வேலைக்குக் குறைவில்லை; வேலை தருகிறவர்களிடம்தான் நேர்மைக்குக் குறைவு. தீயணைப்பு அதிகாரி பார்வையிட வருகிறார் என்றால்தான் கட்டடக்காரனுக்குப் பின்படி ஞாபகம் வரும். துருவின் மேலேயே பட்டி வைத்துப் பெயின்ட் அடித்துவிடு என்பான். மாசிலாமணியார் மாட்டேன் என்பார். வேறு ஆள் வந்து அடித்துவிட்டுப் போவான். அன்றைக்கு அவர் வீட்டில் உலை ஏறாது.

மனைவி செங்கேணி ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "பெயின்ட்டு அடிச்சா முருகன் கோச்சுக்குவாரா? இன்னாய்யா மனுசன் நீ!" என்றார்.

"முருகன் கோச்சுக்க மாட்டாரு, செங்கேணி. எவன் பெத்த புள்ளயாவது அதுல கால வைக்குமே" என்று சொல்லிவிட்டு, ஈரத்துண்டை வயிற்றில் கட்டிக்கொண்டு படுத்தார் அவர்.

அந்த வட்டாரத்துச் சந்து ஒன்றில் ஒரு பஜனை மடம் இருந்தது. மேல்மாடிக் கூடத்தில் ஐம்பொன் முருகன். அந்த மடத்தின் பின்படி முன்காலத்தில் கக்கூஸ் வாளி சுமப்பவர்கள் ஏறி இறங்கிய வழி. மாசிலாமணியாரின் தாய் வீராயியும் அதில் வாளி சுமந்தவர். அதனால் மடத்தைச் சேர்ந்த எவரும் அந்தப் படியில் கால் வைக்க மாட்டார்கள். யாரும் கேட்காமலே, கூலியும் வாங்காமல், அதைப் பேணி வந்தார் மாசிலாமணியார். மாலையில் படி ஏறி, உச்சியில் சாத்தியிருக்கும் கதவுக்கு வெளியே நின்று பஜனை கேட்பார். உள்ளே வா என்று ஒரு நாக்கும் சொன்னதில்லை.

மடத்தின் தர்மகர்த்தா ரத்தினவேலு செட்டியார் சஷ்டிக்கு முன்பு அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏம்பா மயிலு, திருவிழா முடிஞ்சதும் அந்தப் படிய அறுத்துக் காயலான் கடையில போட்டுடு. பாக்கவே அசிங்கமா இருக்கு."

"நெருப்புப் புடிச்சா, முதலாளி?"

"சாமி இருக்கிற எடத்துல நெருப்பு எப்படிடா வரும்?"

"கற்பூரம் கொளுத்துறீங்களே, அது இன்னா முதலாளி?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். செட்டியாருக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றே பின்படி உச்சியிலிருந்த கதவை உள்பக்கம் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். திருவிழா முடியும்வரைகூடக் காத்திருக்காமல் வேறு ஆளையும் அனுப்பினார். மாசிலாமணியார் சஷ்டி விரதத்தோடு கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார். "அறுக்கணும்னா என் காலயும் சேத்து அறு, தம்பி" என்றார். வந்தவன் அவர் முகத்தைப் பார்த்தான். கருவியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

சூரசம்ஹாரத்தன்று பொழுது சாயும் நேரம். மேல்கூடத்தில் விரதமிருந்த பெண்களும் பிள்ளைகளும் நெருக்கியடித்து நின்றார்கள். செட்டியார் தெருவில் நின்று ஊர்வலத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். வாசலில் ஏற்றிய தீவட்டி காகிதத் தோரணத்தைத் தொட்டது. தோரணம் கூடத்துக்கு ஏறும் முன்பக்க மரப்படியைத் தொட்டது. முன்வழி முழுவதும் நெருப்பு.

அலறல் கேட்டு மாசிலாமணியார் பின்படியில் பாய்ந்து ஏறினார். பூட்டு உள்பக்கம் இருந்தது. சுத்தியலால் கதவின் கீல் ஊசிகளைத் தட்டிக் கழற்றினார், கதவு சாய்ந்தது. புகைக்கு நடுவே முருகனை முதல்முதலாக நேருக்கு நேர் பார்த்தார். கும்பிட நேரமில்லை.

"வாங்கம்மா, எறங்குங்க!"

ஒருத்தியும் அசையவில்லை. சம்ஹார நாளில் சாமி புறப்படாமல் கூடத்தை விட்டு யாரும் இறங்கக்கூடாது என்பது அந்த மடத்துக் கட்டுப்பாடு.

"சாமி இங்க இருக்கறப்ப நாங்க மட்டும் எப்படிப்பா?" என்றாள் ஒருத்தி. "அதுவும் அந்தப் படியிலயா?" என்றாள் இன்னொருத்தி, இருமிக்கொண்டே.

பூசை செய்யும் கயிலாசப் பண்டாரம், ஊர்வலத்துக்காக முருகனை ஏற்றி வைத்திருந்த பல்லக்கைப் பார்த்தார். சுருள்படியில் அது திரும்பாது. முருகனைப் பல்லக்கோடு பிணைத்திருந்த கயிற்றை அவிழ்த்தார்.

"மாசிலா, தோளக் குடு."

"நானா? சாமி, எங்கம்மா இந்தப் படியில..."

"தெரியும்டா. நீ தூக்கலேன்னா இதுங்க இங்கியே வெந்து சாகும். புடி!"

வழக்கமாக இரண்டு பேர் திணறித் தூக்கும் சாமி. மாசிலாமணியார் ஒற்றைத் தோளில் ஏந்தி முதல் படியில் கால் வைத்தார். "சாமி பொறப்பட்டாச்சு!" என்று பண்டாரம் கத்தினார். அரோகரா என்று கூடமே எழுந்தது. வெறுங்காலோடு ஒவ்வொருவராக அவர் பின்னால் இறங்கினார்கள். இத்தனை பேர் பாரத்துக்கும் ஒரு படி முனகவில்லை.

பாதிவழியில் முருகன் கழுத்திலிருந்த மாலை நழுவி மாசிலாமணியார் கழுத்தில் வந்து விழுந்தது. காற்றில் விழுந்தது என்பவர்கள் இன்றும் உண்டு. காற்று அடித்திருந்தால் புகை விலகியிருக்க வேண்டும். புகை விலகவில்லை, மாலை மட்டுமே நகர்ந்தது.

செட்டியார் தெருவைச் சுற்றிக்கொண்டு, சாவியைக் கையில் பிடித்தபடி பின்சந்துக்குள் ஓடிவந்தார். மாசிலாமணியார் தோளில் முருகனைக் கண்டார். பின்னால் இடுப்பில் குழந்தையோடு இறங்கிய தம் மருமகளையும் கண்டார். மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அந்தச் சாக்கடைச் சந்திலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"எழுந்திருங்க முதலாளி, வழியில படுத்தா மத்தவங்க எப்படி எறங்குவாங்க?" என்றார் மாசிலாமணியார்.

இறைவன் தனக்கென்று தேர்ந்த தோள் அது. அந்தத் தோளை நினைத்துக் கும்பிடுகிறவர் வீட்டில், ஆபத்து நேரத்தில் ஒரு கதவாவது திறந்திருக்கும்.