மூன்றாம் அறையின் கதவு

கறுப்புக் கவுனை மடித்து பீரோவில் வைத்துவிட்டால் வக்கீல் வேலை முடிந்துவிட்டது என்றுதான் பொன்னுரங்கம் நினைத்திருந்தார்.

மதுரையில் பதினெட்டு வருஷம் வழக்காடியவர். குறுக்கு விசாரணைக்கு அவர் எழுந்தால் சாட்சிக்கு நாக்கு உலரும் என்பார்கள். நாற்பது தாண்டிய வயதில் அத்தனையையும் உதறிவிட்டுச் சென்னையில் ஒரு முதலீட்டு வங்கியில் வந்து சேர்ந்தார். கம்பெனியை விற்க நினைப்பவருக்கு வாங்குகிறவரைத் தேடிப் பிடித்து, இரண்டு பேரையும் ஒரு மேசையில் உட்கார வைத்துப் பேசி முடிப்பது அங்கே தொழில். சட்டப் புத்தகங்களை ஜூனியர்களுக்குக் கொடுத்தாயிற்று. கட்சிக்காரர்களும் அவர்கள் பின்னாலேயே போயாயிற்று. திரும்பிப் போக வழி கிடையாது.

அங்கே அவருக்குக் குரு உண்ணாமலை. வயதில் அவரைவிட இளையவர். ஆனாலும் ஆபீசில் எல்லாரும் முதுகுக்குப் பின்னால் 'ஆச்சி' என்றுதான் சொல்வார்கள். காரைக்குடிப் பக்கம். பேச்சு குறைவு.

சேர்ந்த புதிதில் பொன்னுரங்கம் அவரிடம் கேட்டார்.

"மேடம், ஒரு வக்கீல் எப்ப பேங்கர் ஆவான்?"

"கவுன் எங்க இருக்கு?"

"வீட்டு பீரோவுல."

"கோர்ட்டு?"

பொன்னுரங்கம் சிரித்து வைத்தார். உண்ணாமலை சிரிக்கவில்லை.

அவரை நம்பி முதலில் கொடுத்த வேலை தூத்துக்குடியில். லூர்து கொரைரா என்ற பெரியவருடைய கோல்ட் ஸ்டோரேஜ். இறாலும் மீனும் உறைய வைக்கும் மூன்று அறைகள். பிள்ளைகள் கடல் தாண்டிப் போய்விட்டார்கள், விற்றுவிடலாம் என்று இருந்தார். வாங்க நாகப்பட்டினத்து ஏற்றுமதிக்காரர் மரைக்காயர் தயார். இது முடிந்தால் பொன்னுரங்கத்துக்கு வேலை நிரந்தரம். முடியாவிட்டால் அந்த மாதத்தோடு கிளம்ப வேண்டியதுதான்.

விலை படிந்தது. ஒப்பந்தம் எழுத வெளியில் வக்கீல்கள் இருந்தார்கள். ஆனாலும் பொன்னுரங்கத்துக்குக் கை சும்மா இருக்கவில்லை. அவர்கள் எழுதியதை வாங்கிப் பார்த்து, தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார்: 'மூன்று அறைகளையும் காலியாக, உள்ளே எவரும் எதுவும் இல்லாத நிலையில் ஒப்படைக்கிறேன்.'

கொரைரா எல்லாப் பக்கத்துக்கும் சரி என்றார். அந்த வரிக்கு மட்டும் மாட்டேன் என்றார்.

பொன்னுரங்கம் போன் போட்டார்.

"மூணாவது ரூம்ல சரக்கு இருக்கா, ஐயா?"

"இல்லிய."

"வாடகைக்கு யாரையாவது விட்டிருக்கீங்களா?"

"இல்லிய."

"அப்ப காலிதானே?"

மறுமுனையில் ஏதோ மோட்டார் ஓடும் சத்தம் மட்டும்.

"அத மட்டும் என்னால சொல்ல முடியாதுய்யா" என்றார் கொரைரா. லைன் அறுந்தது.

பொன்னுரங்கம் எழுந்துபோய் உண்ணாமலையிடம் சொன்னார். "மாட்டிக்கிட்டார், மேடம்."

"யாரு?"

"கொரைராதான். எதையோ மறைக்கிறார். எங்க சீனியர் முதல் நாளே சொல்லிக் கொடுத்தது. பதில் தெரியாத கேள்வியைச் சாட்சிகிட்ட கேட்கவே கூடாது. மூணு கேள்விக்கும் பதிலைக் கையில வெச்சிக்கிட்டுத்தான் கேட்டேன்."

"மூணாவதுக்கு என்ன பதில் வெச்சிருந்தீங்க?"

"காலின்னு."

"வந்துச்சா?"

உண்ணாமலை தூத்துக்குடிக்கு இரண்டு டிக்கெட் போடச் சொன்னார்.

உச்சி வெயிலில் போய் இறங்கினார்கள். வெளியே உப்புக் காற்றில் கண் எரிந்தது. கொரைரா அந்த வேனலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"வாங்கம்மா. வாங்க வக்கீலய்யா. இன்னிக்கும் கூண்டுல ஏத்தப் போறியளா?"

"வக்கீல் இல்லைங்க, இப்ப பேங்கர்" என்றார் பொன்னுரங்கம்.

"அப்பிடியா? போன்ல தெரியலிய."

முதல் அறைக்குக் கூட்டிப் போனார். ஆட்கள் சரக்கை அடுக்கி முடித்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். கதவுக்குப் பொறுப்பு ஸ்டெல்லா என்ற அம்மாள். கடைசி ஆளும் வெளியே வந்ததும் அவர் கதவை உள்ளங்கையால் இரண்டு தரம் அடித்தார். "ஆளு இருக்கா?" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு அசையாமல் நின்றார். உதடு மட்டும் அசைந்தது. பிறகுதான் கதவை இழுத்துப் பூட்டினார்.

"என்ன சொல்றாங்க?" என்று பொன்னுரங்கம் கேட்டார்.

"ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லுதா" என்றார் கொரைரா. "கூப்பிட்டதும் பூட்டிரக் கூடாதுல்லா? உள்ள மயங்கிக் கெடக்கவன் பதில் சொல்ல நேரம் வேணும். ஒரு மந்திரம் சொல்லுத நேரம் நிக்கணும். எங்கப்பா காலத்துல இருந்து இங்க அதான் பழக்கம்."

இரண்டாம் அறையிலும் அப்படியே. மூன்றாவது, கோடியில் இருந்தது.

அதன் கதவு ஓரடி திறந்து கிடந்தது. உள்ளே பல்பு எரிந்தது. விசிறி ஓடியது. தரையோடு தரையாக வெண்புகை வெளியே வந்தது. வந்து, நின்றது. மறுபடி வந்தது. தூங்குகிறவர் மூச்சுப் போல இருந்தது. கதவு நிலையருகே ஒரு டம்ளரில் டீ, தட்டு போட்டு மூடி வைத்திருந்தது.

"இது யாருக்கு?"

"உள்ள குளிரும்ல, சார்" என்றார் ஸ்டெல்லா. அவர் நிலையைத் தாண்டி வரவில்லை.

கொரைரா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தவக்காலத்துல ஒருநாள் சரக்கையெல்லாம் ஏத்தி அனுப்பிட்டு ஸ்டெல்லா இத பூட்டப் போனா. வழக்கம்போல ஆளு இருக்கான்னு கூப்பிட்டா. 'இருக்கேன்'னு சத்தம் வந்திச்சு. போய்ப் பாத்தா ஒருத்தருமில்ல. வெளிய வந்து மறுபடி கூப்பிட்டா. மறுபடி 'இருக்கேன்'. நானும் நின்னு கேட்டேன்."

"எதிரொலியா இருக்கும்."

"எதிரொலின்னா நாம கேட்டதத்தானய்யா திருப்பிச் சொல்லும்?"

"யார் குரல்?"

"தெரிஞ்ச குரலாத்தான் இருந்துச்சு, சார்" என்றார் ஸ்டெல்லா. "பேருதான் வாயில வரல."

"இருக்கேன்னு ஒரு சீவன் சொல்லுதப்ப எப்பிடிப் பூட்டுதது?" என்றார் கொரைரா. "காலின்னு எப்பிடிக் கையெழுத்துப் போடுதது? நீங்களே சொல்லுங்க."

பொன்னுரங்கத்துக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. மரைக்காயர் காதில் இது விழுந்தால் வியாபாரம் முடிந்தது என்ற பயமும் கூடவே வந்தது. அவர் உண்ணாமலையைப் பார்த்தார்.

உண்ணாமலை சொன்னார்: "வக்கீல் சார், நீங்க பூட்டுங்க."

"நானா?"

"காலின்னு எழுதினது நீங்கதானே?"

பொன்னுரங்கம் போனார். கதவை இரண்டு தரம் அடித்தார். "ஆளு இருக்கா?" என்றார். கோர்ட்டை நிறைத்த அதே குரல். கேட்ட கையோடு கதவைத் தள்ளினார்.

கதவு நகரவில்லை. உண்ணாமலையின் கை அதன்மேல் இருந்தது.

"பதில் வரல."

"வராது, மேடம்."

"தெரியும்னா எதுக்குக் கேட்டீங்க?"

பொன்னுரங்கம் உள்ளேயே போய்ப் பார்த்துவிடுவது என்று நிலையைத் தாண்டினார்.

நான்கு சுவர். பனி படிந்த குழாய்கள். ஒளிய ஓர் இடம் கிடையாது. கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பழைய ஸ்வெட்டர் தொங்கியது. வேலையாட்கள் மாற்றிப் போட்டுக்கொள்வது. அதன்மேல் பனி, வெள்ளை நூலாக முளைத்திருந்தது. பொன்னுரங்கம் அதைத் தொட்டார். விறைத்திருந்தது. என்ன தோன்றிற்றோ, கழுத்து வழியாகக் கையை உள்ளே விட்டார்.

உள்ளே கதகதப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ கழற்றி மாட்டியதுபோல.

வெளியே வந்தபோது அவர் முகத்தில் ரத்தமில்லை. கதவை இன்னொரு தரம் அடித்தார். இந்தத் தடவை அடி மெதுவாக விழுந்தது.

"யாராவது இருக்கீங்களா?"

கேட்டுவிட்டு நின்றார். பக்கத்தில் ஸ்டெல்லாவின் உதடுகள் அசைந்தன. புகை நின்றது. விசிறியின் இரைச்சல்கூடத் தூரத்துக்குப் போனதுபோல் இருந்தது. எத்தனையோ சாட்சிகளிடம் எத்தனையோ கேள்விகள் கேட்டிருக்கிறார். ஒரு கேள்விக்குப் பின்னால் இவ்வளவு பெரிய இடம் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்ததில்லை.

ஸ்டெல்லாவின் உதடுகள் 'ஆமென்' என்று மூடின.

பொன்னுரங்கம் சடாரென்று கதவிலிருந்து கையை எடுத்தார். சுட்ட கையை எடுப்பதுபோல எடுத்தார்.

"மேடம்... உங்களுக்குக் கேட்டுச்சா?"

"பூட்டப் போறவர் நீங்க. சொல்லுங்க. காலியா?"

அவர் தலையை அசைத்தார். இல்லை என்று.

ஆபீஸ் அறைக்கு வந்து உட்கார்ந்து, தான் சேர்த்த வரியைத் தானே அடித்தார். கொரைரா டீ ஊற்றிக் கொடுத்தார்.

"மரைக்காயர்கிட்ட இதைச் சொல்லணும்" என்றார் உண்ணாமலை. "போன் போடுங்க."

"உள்ள யாருன்னு கேப்பார். என்ன சொல்றது?"

"தெரியலன்னு சொல்லுங்க."

"தெரியலன்னு சொன்னா யார் மேடம் வாங்குவாங்க?"

"அதை அவர்கிட்டயே கேளுங்க. கேட்டுட்டு, ஒரு மந்திரம் சொல்ற நேரம் சும்மா இருங்க."

பொன்னுரங்கம் போன் போட்டார். நடந்தது நடந்தபடி சொன்னார். ஜோடிக்கவில்லை, குறைக்கவில்லை. கடைசியில், "இப்படி ஒரு ரூமோட இதை நீங்க வாங்குவீங்களா?" என்றார்.

மறுமுனையில் சத்தமில்லை. காரணம் சொல்ல, விலையைத் தொட, சமாதானம் பேச அவர் நாக்கு துடித்தது. கூடவே வந்து மேசைக்கு எதிரே நின்ற ஸ்டெல்லாவின் உதடுகள் மறுபடி அசைய ஆரம்பித்தன. பொன்னுரங்கம் அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கதவை இப்ப யாரு பார்த்துக்கிறா?" என்றார் மரைக்காயர்.

"ஸ்டெல்லான்னு ஒரு அம்மா."

"அவங்க வேலையில நீடிப்பாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க. இருப்பாங்கன்னா எனக்குச் சம்மதம். ரெண்டு ரூமுக்குத்தான் எங்கிட்ட சரக்கு இருக்கு. அது பாட்டுக்குத் திறந்து கிடக்கட்டும். நான் கடல்காரன் தம்பி, இதுக்கெல்லாம் ஓடினா பொழைக்க முடியுமா?"

பொன்னுரங்கம் போனைக் கீழே வைத்தார். கொரைரா சிலுவை போட்டுக்கொண்டார்.

கார் உப்பளங்களுக்கு நடுவே போனது. இரண்டு பக்கமும் வெள்ளை.

"மேடம்" என்றார் பொன்னுரங்கம். "அன்னிக்கு ஒண்ணு கேட்டேன். வக்கீல் எப்ப பேங்கர் ஆவான்னு."

உண்ணாமலை ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"உள்ள 'இருக்கேன்'னு சொன்னது யார் குரல்?"

பொன்னுரங்கத்துக்கு அது தெரியும். கோர்ட்டை நிறைத்த அவருடைய குரலேதான். அவர் அந்தக் கதவைப் பூட்டப் போன தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.

உண்ணாமலை காத்திருந்தார்.