பூவராய ராஜாவின் தவிட்டுக் கிண்ணம்

மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே, வெகு வெகு காலத்துக்கு முன்னால், ஒரு நாடு இருந்தது. அதை ஆண்டவன் பூவராயன். அவனுக்குச் சிங்காசனத்தைவிட மாட்டுத்தொழுவம்தான் பிடிக்கும். ஊர் ஊராகப் போவான். தவிட்டில் வெல்லம் பிசைந்து, வெள்ளிக் கிண்ணத்தில் எடுத்து, ஒவ்வொரு மாட்டுக்கும் தன் கையாலேயே மூன்று உருண்டை ஊட்டுவான். ஒரு மாடு மென்று துப்பியதை வழித்து அடுத்த மாட்டுக்குக் கொடுப்பான். ராஜா கைப் பண்டம் வீணாகலாமா?

ஒரு வருஷம் கோமாரி வந்தது. வாயில் புண், குளம்பில் புண், நுரை நுரையாய் எச்சில். மாடுகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"யார் கொண்டுவந்தது இதை?"

மந்திரி கூத்தப்பர் மீசையைத் தடவினார். "காட்டுப்பன்றிதான், மகாராஜா. மூஞ்சியைப் பார்த்தாலே தெரியவில்லையா?"

வில்லாளிகள் காட்டுக்குள் புகுந்தார்கள்; பன்றிகள் போயின. வெற்றி வெற்றி என்று ராஜா கிண்ணத்தோடு கிளம்பி ஊர் ஊராக ஊட்டினான். கோமாரியும் குதித்துக்கொண்டு கூடவே வந்தது.

"அப்படியானால் முயல், மகாராஜா. அவ்வளவு நீளக் காதுக்குள் சும்மாவா இருக்கும்?"

முயல்களும் போயின. ராஜா மறுபடி ஊட்டினான். கோமாரி மறுபடி கூடவே வந்தது.

"இனி மான்தான் பாக்கி!"

மான்கள் இருந்தது உளையூர்க் காட்டில் மட்டும். அந்த ஊருக்குப் பாதையெல்லாம் முழங்கால் சேறு. ராஜா அதுவரை எட்டிப் பார்த்ததில்லை. வில்லாளிகளோடு புறப்பட்டான். சேற்றில் செருப்பு போனது, பல்லக்கு போனது, மந்திரி இடுப்புவரை போனார். ராஜா கிண்ணத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தான்.

போய்ப் பார்த்தால், குளத்தங்கரையில் மாடும் மானும் ஒட்டி நின்று தண்ணீர் குடிக்கின்றன! ஒரு மாட்டுக்காவது புண் இருக்கவேண்டுமே? இல்லை.

சாணி அள்ளிக்கொண்டிருந்த வேம்பாயி நிமிர்ந்தாள். "யாருய்யா அது, சேத்துப் பொம்மை மாதிரி?"

"நான்தான் ராஜா."

"அடி ஆத்தி! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா, சாமி?"

"இங்கே மட்டும் கோமாரி வரவில்லையே, ஏன்?"

"எனக்கென்ன தெரியும்? இந்தச் சேத்துக்கு எதுவும் வராது சாமி. வரிக்காரன் வரல, வளையல்காரன் வரல, நீங்களும் வரல."

வில்லாளிகள் நாணை இழுத்தார்கள். ராஜாவோ பழக்கதோஷத்தில் ஒரு உருண்டையைப் பிடித்து, பக்கத்தில் நின்ற கன்றிடம் நீட்டிவிட்டான். கன்று நாக்கை நீட்டியது. ராஜாவின் கை அந்தரத்தில் நின்றது.

பன்றி போன பிறகும் நோய். முயல் போன பிறகும் நோய். மான் இருக்கிற ஊரிலோ நோய் இல்லை. இந்த ஊருக்கு இதுவரை வராதது எது?

கிண்ணத்தைப் பார்த்தான். கையைப் பார்த்தான்.

"வில்லை இறக்குங்கடா!" என்று அலறிக்கொண்டு ஓடினான். வெல்ல வாசனைக்குக் கன்று துரத்தியது. "கிட்டே வராதே, கண்ணு! வராதே!" நாட்டையே ஆளும் ராஜா ஒரு கன்றுக்குட்டிக்குப் பயந்து தொபுக்கென்று சேற்றில் பாய்ந்தான். கன்று கரையிலேயே நின்று, 'அம்மா' என்றது.

மந்திரி மூச்சிரைக்க வந்தார். "இப்போது யாரைக் கொல்வது, மகாராஜா?"

"என்னைத்தான். அதற்கு முன்னால் கொஞ்சம் வெந்நீர் கொண்டுவாரும்."

அதன்பிறகு ராஜா எந்தத் தொழுவத்துக்குள்ளும் காலெடுத்து வைக்கவில்லை. வேலிக்கு வெளியே கைகட்டி நின்று, "சாப்பிட்டாயா, லட்சுமி?" என்று கேட்பதோடு சரி. கோமாரி மெல்ல மெல்ல ஓய்ந்தது. மாடுகள் எழுந்தன. முயல் துள்ளிய புதர்கள் மட்டும் வெகுகாலம் அசையாமல் கிடந்தன. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ராஜா தலையைக் குனிந்துகொள்வான்.

ஆகையால் கேட்டவர்களே, அடுத்தவர்மேல் பழிபோட விரலை நீட்டுமுன், அந்தக் கை சுத்தமா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.