ஆறு டிரம் சேறு

செங்கமலம் பெரிய ஞானியெல்லாம் இல்லை. ஊர்க் கழிவுநீரைச் சுத்தம் செய்து ஏரிக்கு விடுகிற நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறவர். வயது முப்பத்திரண்டு. அவரிடம் வேலை கற்க வந்த மேலத்தெருக் குழந்தைவேலுவுக்கு நாற்பத்தாறு. இருந்தாலும் குரு குருதான்.

அதிகாரி வந்தால் ப்ளீச்சிங் பவுடர் தூவுவது ஊர் வழக்கம். பன்னிரண்டு நாளில் தண்ணீரைச் சோதிக்க வருகிறார்கள் என்று கேட்டதும், குழந்தைவேலு இரண்டு மூட்டையைப் பெரிய தொட்டிக்குள்ளேயே கொட்டிவிட்டார். நல்ல எண்ணம்தான். முட்டாள்தனமும்தான்.

மறுநாள் தொட்டி நாறியது.

"நாத்தம் போகணும்னுதானே போட்டேன், வாத்தியாரம்மா?"

"அழுக்கைத் தின்னுறதே உள்ள இருக்கிற கிருமிங்கதாண்ணே. மொத்தமும் செத்துப்போச்சு."

"இப்ப என்ன பண்றது?"

"உயிருள்ள சேறு வேணும். பாலுக்கு உறை ஊத்துற மாதிரி. காலனிக்குன்னு தனியா இருக்கிற தொட்டியில இருக்கு. போய்க் கேளுங்க."

குழந்தைவேலு நகரவில்லை.

"வேற எங்கயும் கிடைக்காதா?"

"டவுன்ல கிடைக்கும். எழுதிப் போட்டு, பதில் வர ஒரு மாசம் ஆகும்."

சோதனையில் தேறாவிட்டால் நிலையத்தை மூடிவிடுவார்கள். பழையபடி சாக்கடை தெருவில் ஓடும். பழையபடி பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. நிலையம் வருவதற்கு முன்னால் குழந்தைவேலுவின் மகளே ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள்.

போனார்.

காலனித் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் மரியசூசை அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க வீட்ல ஒரு டம்ளர் தண்ணி குடிச்சதில்ல நீங்க. இது மட்டும் இனிக்குதோ?"

குழந்தைவேலு தலையைக் குனிந்துகொண்டார்.

"எத்தனை டிரம்?"

"நாலு."

"நாலு எந்த மூலைக்கு? ஆறா எடுத்துட்டுப் போங்க."

வண்டியில் ஏற்றியும் விட்டார்.

ப்ளீச்சிங் வாடை போகிறவரை தொட்டிக்குள் காற்றை ஊதவிட்டு, பிறகு சேற்றை ஊற்றினார்கள். ஒரு வாரத்தில் நாற்றம் போனது. தண்ணீர் தெளிந்தது. ஊர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

சோதனைக்கு இரண்டு நாள் இருக்கும்போது குழந்தைவேலு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"தெரிஞ்சுபோச்சு, வாத்தியாரம்மா. நம்ம தொட்டியில அவங்களுதைக் கலந்துட்டியேடான்னு பெரியவங்க கத்துறாங்க. காலி பண்ணிக் கழுவணுமாம்."

"கழுவினா?"

"மறுபடி செத்துரும். சொல்லிப் பாத்தேன். யாரு கேக்குறா?"

"சரி, நீங்க என்ன நினைக்கிறீங்க?"

குழந்தைவேலு கொஞ்ச நேரம் காலைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"பொய் சொல்ல மாட்டேன். எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு. அவங்களுதை மட்டும் எடுத்துட்டா தேவலைன்னு தோணுது."

செங்கமலம் திட்டவில்லை. ஒரு கண்ணாடி ஜாடியில் தொட்டித் தண்ணீரை மொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அரை மணி நேரம் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழுப்புச் சேறு மெதுவாக அடியில் படிந்தது. மேலே தெளிந்த தண்ணீர். அதன் வழியே அந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது.

செங்கமலம் ஒரு கரண்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"எடுங்கண்ணே. அவங்களுதை மட்டும்."

குழந்தைவேலு குனிந்து பார்த்தார். இந்தப் பக்கம் வந்து பார்த்தார். கரண்டியை மேசைமேல் வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"எதுன்னு தெரியலையே."

"உங்க பெரியவங்களுக்குத் தெரியுமோ என்னவோ. கேட்டுட்டு வாங்க. ஜாடியைக் குலுக்காம கொண்டுபோங்க."

குழந்தைவேலு ஜாடியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, மேலத்தெருப் பக்கம் மெதுவாக நடந்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, மேசையிலிருந்த கரண்டியையும் எடுத்துக்கொண்டார்.