நாற்பது நொடித் தாமதம்

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பன்னிரண்டு கணினிகள் இரைந்துகொண்டிருக்கும். தூரத்து அணைக்கட்டில் தண்ணீர் விழுவது போன்ற சீரான ஒலி. சில வேளைகளில் அவற்றில் ஒன்று மட்டும் மூச்சு வாங்கும். பதினைந்து வருடங்களுக்கு முன் நான் அங்கே வேலை பார்த்தபோது கேட்டது. இன்னும் காதில் இருக்கிறது.

பாளையங்கோட்டையில் ரத்தக் கொடையாளர்களின் பட்டியலை வைத்திருந்த ஓர் அறக்கட்டளை அது. மருத்துவமனையிலிருந்து ஒருவர் ஒரு ரத்த வகையைக் கேட்டால், கேள்வி பன்னிரண்டு கணினிகளுக்கும் போகும். ஒவ்வொன்றும் தன்னிடமுள்ள பெயர்களில் தேடும். கடைசிக் கணினியும் சொல்லி முடித்த பிறகே பதில் போய்ச் சேரும்.

வழக்கமாக ஒரு நொடி. சில நாட்களில், சில வேளைகளில், நாற்பது நொடி. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

அதைக் கண்டுபிடிக்கும் வேலை கோமதிநாயகத்திடம் இருந்தது. ஐம்பத்தாறு வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருடம் இருந்துவிட்டு, இந்தத் தொழிலைப் பரக்கத் நிஷாவிடம் கற்றுக்கொண்டிருந்தார். நிஷாவுக்கு முப்பத்தைந்து. அவர் அவளை மேடம் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

"மேடம், ஆளைப் பிடிச்சிட்டேன்" என்றார் ஒரு நாள்.

"ஆளையா? நான் காரணத்தைல்லா கேட்டேன்."

"அமலோற்பவம்தான்."

அமலோற்பவம் புதிய கொடையாளர்களின் விவரங்களைக் கணினியில் ஏற்றுபவள். ஒப்பந்த வேலை. அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நீட்டித்தால் உண்டு.

"எப்படிச் சொல்றீங்க?"

கோமதிநாயகம் தன் நோட்டைத் திறந்து காட்டினார். ஒன்பது நாள் கணக்கு. அமலோற்பவம் சீட்டில் உட்கார்ந்த நேரம் ஒரு பக்கம், தாமதம் வந்த நேரம் எதிர்ப்பக்கம். இரண்டுக்கும் இடையில் ஐந்து நிமிடம்கூட இல்லை.

"நடுவுல ஒரு நாள் லீவு போட்டா. அன்னிக்கு ஒரு தாமதம் இல்லை மேடம்."

"அவகிட்டயே கேட்டீங்களா?"

"கேட்டா உஷாராயிருவா."

கேட்பதற்குப் பதில் பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பையில் என்ன கொண்டுவருகிறாள், பென் டிரைவை எங்கே செருகுகிறாள், போனை ஏன் கவிழ்த்து வைக்கிறாள். அமலோற்பவத்துக்கும் அது தெரிந்திருந்தது. ஒரு மதியம் சாப்பாட்டு டப்பாவை அவர் மேசையில் கொண்டுவந்து வைத்தாள்.

"இதையும் தொறந்து பாத்துருங்க அண்ணாச்சி. நெத்திலிக் கருவாடு. முள்ளு மட்டும் பாத்து எடுங்க."

அறையே சிரித்தது. கோமதிநாயகத்தின் கண் டப்பாவின் மூடியிலேயே இருந்தது.

வியாழக்கிழமை காலை, அவளுக்கு நீட்டிப்புத் தர வேண்டாம் என்று நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்துவிட்டு நிஷாவிடம் வந்தார்.

"கொடுத்துட்டேன் மேடம்."

நிஷா அவர் நோட்டை வாங்கி மறுபடி புரட்டினாள். பிறகு, "அமலியைக் கூப்பிடுங்க" என்றாள்.

அமலோற்பவம் வந்தாள்.

"உன் சீட்டுல உக்காரும்மா. கீபோர்டைத் தொடாதே. கை மடியிலேயே இருக்கட்டும்."

"எதுக்கு மேடம்?"

"சும்மா உக்காரு. அண்ணாச்சி, இவ வந்து உக்காந்ததும் தினமும் என்ன செய்வீங்களோ, அதையே செய்யுங்க."

கோமதிநாயகம் தன் இடத்துக்குப் போய் எதையோ தட்டினார். நிஷா ஒரு ரத்த வகையைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். பத்து நொடி. இருபது. கண்ணாடிக்கு அப்பால் ஒரு கணினி மூச்சு வாங்கியது. நாற்பத்தொன்றில் பதில் வந்தது.

"பாத்தீங்களா மேடம்!"

எழுந்தவர் அமலோற்பவத்தின் பக்கம் திரும்பினார். இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

"இப்ப என்ன செஞ்சீங்க அண்ணாச்சி?" என்றாள் நிஷா.

"கண்காணிப்பை ஆன் பண்ணினேன். முதல் ரெண்டு தடவை தாமதம் வந்தப்ப இவதான் சீட்டுல இருந்தா. அதுலேர்ந்து இவ உக்காந்ததும் ஆன் பண்ணுவேன், எந்திரிச்சதும் ஆஃப் பண்ணிருவேன். வர்ற ஒவ்வொரு கேள்வியையும், அதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சுங்கிறதையும், பன்னிரண்டு மெஷினும் ஒண்ணு விடாம எழுதி வைக்கும்."

"எழுதுறது எது?"

"மெஷின்தான்."

"தேடுறது?"

"அதுவும் அதே மெஷின்..." என்றவர் திரையைப் பார்த்தார்.

"இவ லீவு போட்ட அன்னிக்கு?"

"ஆன் பண்ணலை."

"இப்ப ஆஃப் பண்ணுங்க. அமலி, நீ ஏத்து. எவ்வளவு வேகமா முடியுமோ, அவ்வளவு வேகமா."

அமலோற்பவம் பெயர்களை ஏற்றத் தொடங்கினாள். நிஷா அதே ரத்த வகையைக் கேட்டாள். ஒரு நொடி. மறுபடி கேட்டாள். ஒரு நொடி.

"அப்ப, கண்காணிப்புக்கு முன்னாடி வந்த அந்த ரெண்டு?" என்றார் கோமதிநாயகம். "அது எதனால மேடம்?"

"தெரியாது. அதுக்கு மேலதான் நீங்க உங்க ஒன்பது நாள் தாமதத்தைக் கொட்டி மூடிட்டீங்களே."

அமலோற்பவம் தட்டுவதை நிறுத்தினாள்.

"அப்ப இத்தனை நாளும் என்னை நோட்டம் பாத்தது இதுக்குத்தானா அண்ணாச்சி?"

அவள் நிஷாவிடம் திரும்பினாள்.

"நீங்களும் ஒரு வார்த்தை சொல்லலையே மேடம். கையைக் கட்டி உக்கார வச்சுப் பாத்துட்டீங்க."

கைப்பையை எடுத்தாள். அதை அகலத் திறந்து கோமதிநாயகத்தின் முகத்துக்கு நேரே ஒரு கணம் காட்டினாள். சீப்பு, பஸ் பாஸ், ஒரு கைக்குட்டை. மூடிக்கொண்டு வெளியே போனாள்.

கோமதிநாயகம் நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

"எங்க அண்ணாச்சி?"

"கடிதத்தைத் திரும்ப வாங்கணும் மேடம்."

"நோட்டு எதுக்கு?"

"அவ மேல தப்பு இல்லைன்னு காட்டணும்லா."

நிஷா அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தாள்.

"அவ வேலைக்குச் சேந்த அன்னிக்கு, தப்பு இல்லைன்னு காட்டச் சொல்லி யாராவது கேட்டோமா அண்ணாச்சி?"

கோமதிநாயகம் நோட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

நீட்டிப்பு உத்தரவு மறுநாள் வந்தது. அமலோற்பவம் கையெழுத்துப் போட வரவில்லை. அடுத்த வாரம் தூத்துக்குடியில் ஒரு மீன்வலைக் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள்.