சாவிக்கொத்தில் மூன்று கத்தி

குன்றடி மடத்துக்கு அன்றைக்குக் காலையில் ஓர் ஆள் மொபெட்டைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார். பெட்ரோல் இருந்தது. வண்டியில் கோளாறும் இல்லை. பக்கத்தில் அவர் மகள் நடந்து வந்தாள். ஊரிலிருந்து மடம் வரைக்கும் இரண்டு பேருக்கும் நடைதான்.

வழியில் பார்த்தவர்கள் சும்மா விடுவார்களா? "என்ன தணிகாசலம், வண்டியைக் காத்தாட கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் ஒரு கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார். வாயில் விரல் இருந்தது.

தணிகாசலத்துக்கு ஜவுளிக்கடையில் துணி வெட்டித் தருகிற வேலை. மடத்துச் சாமியம்மாவுக்கு அவர் சீடர். சாமியம்மா அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவர். "வயசைப் பார்த்தா குருவைத் தேடறது?" என்பார் தணிகாசலம். மற்ற எல்லாவற்றிலும் சந்தேகப்படுகிற மனிதர், இந்த ஒன்றில் மட்டும் சந்தேகப்பட்டதில்லை.

சாமியம்மா இரண்டு பேருக்கும் கஞ்சி ஊற்றி, நாரத்தங்காய் ஊறுகாய் வைத்தார். ஊறுகாயைத் தொட்டதும் தணிகாசலம் "ஸ்ஸ்" என்று விரலை உதறினார்.

"என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்லம்மா. எரியுது."

சாமியம்மா அந்த விரலை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு தன் கஞ்சியைக் குடித்தார்.

தணிகாசலம் கையைக் கழுவிவிட்டு வந்து சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் கீழே வைத்தார். கொத்து என்றுதான் பேர். சாவி ஒன்றே ஒன்று, மொபெட் சாவி. அதோடு மூன்று மடக்குக் கத்திகள் தொங்கின. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"ஒண்ணுதானா?"

மகள் யமுனா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"இதுல எதை வச்சுக்கட்டும்? தினமும் கூடவே இருக்கணும். மூணையும் மாட்டினா கனம் தாங்காம சாவி போடற இடம் தேயுதுன்னு மெக்கானிக் சொல்றார். ஒண்ணுதான் வைக்கணும். எது?"

"எதுக்குங்க கத்தி?"

தணிகாசலம் மகளைப் பார்த்தார். அவள் ஷாலை இரண்டு பக்கமும் இழுத்து இடுப்பில் முடிச்சுப் போட்டிருந்தாள். கழுத்தில் மட்டும் ஒரு கோடு கறுத்துக் கிடந்தது.

"போன மாசம்மா. இவளைப் பின்னாடி வச்சுக் கூட்டிட்டு வந்தேன். ஷால் சக்கரத்துல சிக்கிக்கிச்சு. எனக்குத் தெரியவே இல்ல. இன்னிக்கு வெயில் ஜாஸ்தின்னு பேசிட்டே வர்றேன், என் முதுகுக்குப் பின்னாடி என் பொண்ணு மூச்சு முட்டிக்கிட்டிருக்கா."

"அப்புறம்?"

"நிறுத்தினேன். இழுத்தேன், வரல. கிழிச்சேன், கிழியல. நாள் பூரா கத்தரிக்கோல் பிடிக்கிற கைம்மா இது. ஒரே இழுப்புல புடவையை வெட்டுவேன். அன்னிக்குக் கையில ஒண்ணுமில்ல. எதிர்த்தாப்புல இருந்த இளநீர்க்காரர் அரிவாளோட ஓடி வந்தார். அவர் மட்டும் அந்த இடத்துல இல்லைன்னா..."

விரல் வாய்க்குப் போனது.

"அப்பா, கையை எடுங்க" என்றாள் யமுனா. பிறகு சாமியம்மா பக்கம் திரும்பினாள். "எனக்கு டவுன்ல, ரத்தம் டெஸ்ட் பண்ற இடத்துல வேலை கிடைச்சிருக்கும்மா. திங்கக்கிழமை சேரணும். காலையில அந்த நேரத்துக்கு நம்ம ஊர்ல பஸ் கிடையாது. சேரலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்குவாங்க. இவர் கூட்டிட்டுப் போகவும் மாட்டேங்கறார், எனக்கு ஓட்டத் தெரியும்னாலும் வண்டியைத் தர மாட்டேங்கறார்."

"தர மாட்டேன்னா சொன்னேன்? கத்தி முடிவாகட்டும்னுதானே சொல்றேன்!"

"எப்ப முடிவாகும்?"

"அதைக் கேக்கத்தானே வந்திருக்கோம்! அம்மா ஒரு வார்த்தை சொல்லிட்டா, திரும்பும்போது ஏறி வரலாம்னுதானே வண்டியைத் தள்ளிட்டு வந்தேன்!"

சாமியம்மா சாவிக்கொத்தை எடுத்து ஆட்டிப் பார்த்தார். "எது நல்லதுன்னு உங்களுக்குத் தோணுது?"

அவ்வளவுதான், தணிகாசலத்துக்கு மடை திறந்துவிட்டது.

"இந்தச் சிவப்புல கத்தியும் இருக்கு, குட்டிக் கத்தரிக்கோலும் இருக்கு. ஆனா ஷால் கெட்டித் துணியா இருந்தா என்ன பண்றது? இதுல குறடு இருக்கு, திருப்புளி இருக்கு. சங்கிலியே மாட்டினாலும் கழட்டலாம். ஆனா கத்தி ரொம்பச் சின்னது. இந்த மூணாவது வெறும் கத்தி. நல்ல கூர். ஆனா அவ கழுத்துக்கிட்ட கொண்டு போறப்ப என் கை நடுங்கிச்சுன்னா? நானே அவளை... ஐயோ, தூக்கமே இல்லம்மா."

"எது நல்லா வெட்டுது?"

"வெட்டிப் பார்க்கல."

"ஏன்?"

"கூர் போயிடும்ல? அப்பிடியே புதுசா வச்சிருக்கேன். கடைக்காரர் மூணையும் திறந்து காட்டினார். பளபளன்னு இருந்துச்சு."

சாமியம்மா தலையாட்டினார். சொல்லுவார், இதோ சொல்லுவார் என்று தணிகாசலம் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சாமியம்மா எழுந்து கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவப் போனார்.

"பார்த்தியா, அம்மாவுக்கே முடிவு பண்ண முடியல" என்றார் தணிகாசலம் மகளிடம்.

அந்த நேரத்தில் தோட்டத்துப் பக்கம் கீச் கீச் என்று ஒரே சத்தம். மயில் வந்து கொத்தாமலிருக்கக் கீரைப் பாத்திக்கு நைலான் வலை கட்டியிருந்தார்கள். அந்த வலையில் ஓர் அணில் மாட்டியிருந்தது. முன்னங்கால் இரண்டும் சிக்கி, கழுத்திலும் நூல் சுற்றியிருந்தது. அது துள்ளத் துள்ள நூல் இறுகியது.

சாமியம்மா ஓடிவந்து தோள்துண்டை அதன் மேல் போட்டு அணைத்துப் பிடித்துக்கொண்டார். தலை மட்டும் வெளியே தெரிந்தது. வாய் திறந்திருந்தது.

"வெட்டுங்க."

"அரிவாள் எங்கேம்மா?"

"கிணத்தடியில. போய்ட்டு வர்றதுக்குள்ள இது போயிடும். உங்ககிட்ட மூணு இருக்கே, வெட்டுங்க!"

தணிகாசலம் சாவிக்கொத்தைத் தூக்கினார். முதலில் சிவப்பு. கத்தியின் முதுகில் நகம் மாட்டுவதற்கு ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. அதில் கட்டை விரலை வைத்து இழுத்தார். சதை வழுக்கியது. இன்னொரு விரலை வைத்தார். அதுவும் வழுக்கியது.

"இறுக்கமா இருக்கும்மா, வரமாட்டேங்குது!"

"அடுத்தது."

குறடு இருந்ததைப் பிடித்தார். அதிலும் கத்தி உள்ளே மடங்கியிருந்தது, அதே பள்ளம். விரல் வழுக்கியது. மூன்றாவதை எடுத்தார். வேர்வையில் அது கையிலேயே நிற்கவில்லை. வாயில் வைத்துப் பல்லால் இழுத்தார்.

அணில் கத்துவதை நிறுத்திவிட்டது.

"சத்தம் நின்னு போச்சே! அம்மா, சத்தம் நின்னு போச்சே!" தணிகாசலம் கத்தினார். அன்றைக்கு ரோட்டிலும் யமுனாவின் சத்தம் இப்படித்தான் நின்றது.

"குடுங்கப்பா."

"வேணாம், நீ கையை வெட்டிக்குவே!"

யமுனா வெடுக்கென்று பிடுங்கினாள். கையில் முதலில் அகப்பட்டதைப் பிடித்து, பள்ளத்தில் நகத்தை வைத்தாள். டக்கென்று திறந்தது. அணிலின் கழுத்துக்கும் நூலுக்கும் நடுவில் சுண்டுவிரலை நுழைத்து, விரல் மேலேயே கத்தியை வைத்து அறுத்தாள். பிறகு கால்களில் சுற்றியதை அறுத்தாள். அவள் கை நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் அறுத்தாள்.

சாமியம்மா துண்டைத் தரையில் வைத்து விரித்தார். அணில் அசையாமல் கிடந்தது. பிறகு அதன் வயிறு ஏறி இறங்கியது. சட்டென்று புரண்டு எழுந்து ஓடி, வேப்பமரத்தில் ஏறி நின்று மூன்று பேரையும் திட்டித் தீர்த்தது.

தணிகாசலம் பாத்தி வரப்பிலேயே உட்கார்ந்து அழுதார். பெற்றவர் ஒருத்தர் அப்படி அழுவதைப் பார்க்க எந்த மகளுக்கும் மனசு தாங்காது. யமுனா அவரையே பார்த்தபடி கத்தியை மடக்கிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவள் சுண்டுவிரலில் லேசாக ரத்தம் கசிந்தது. அவர் தன் வேட்டி நுனியால் அதைத் துடைத்துவிட்டார்.

அழுது முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்:

"எதுல வெட்டினே?"

"பார்க்கலப்பா."

"பார்க்கலையா! மூணுல எதுன்னு கூடவா பார்க்கல?"

"அது சாகப்போகுதேன்னு இருந்துச்சு. யார் பார்த்தா?"

தணிகாசலம் அவசரமாகக் குருவின் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்களாவது பார்த்தீங்களா? எதும்மா அது? எதை வச்சுக்கட்டும்?"

சாமியம்மா வலையில் விழுந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையைக் காட்டுங்க" என்றார்.

தணிகாசலம் இரண்டு கையையும் நீட்டினார். பத்து விரலிலும் நகம் இல்லை. கடித்துக் கடித்து, சதை சிவந்து, ஓரமெல்லாம் புண்ணாகிக் கிடந்தது. தன் விரல்களை அவரும் அப்போதுதான் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"முதல்ல நகம் வளரட்டும்ங்க" என்றார் சாமியம்மா.

"அது வளர நாளாகுமேம்மா. திங்கக்கிழமை இவ வேலையில சேரணுமே. அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

சாவிக்கொத்து யமுனாவின் கையில்தான் இருந்தது. சாமியம்மா அதைப் பார்த்தார், வாசலில் நின்ற மொபெட்டைப் பார்த்தார்.

"அதுவரைக்கும் நீங்க பின்னாடி உக்காருங்க."