நீக்கிய பிறகும் ஓடியது

பாளையங்கோட்டையில் ஒரு ரத்த வங்கி. எந்த வகை ரத்தம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்ல அங்கே ஒரு லினக்ஸ் சர்வர். அதற்குப் பொறுப்பு ஜெனோவா. முப்பது வயது, நிறைமாதம். அவளிடம் வேலை கற்பவர் ஆவுடையப்பன், ஐம்பதைத் தொட்டவர். கணக்குப் பிரிவில் கிடந்த மனுசனை, ஆள் இல்லையென்று இங்கே தள்ளிவிட்டிருந்தார்கள். குருவைவிட சிஷ்யனுக்கு நரை அதிகம் என்று ஆபீசே கேலி பேசும். அவர் அதைச் சட்டை செய்வதில்லை.

அவள் பிரசவ விடுப்பில் போனால் சர்வர் தன் கைக்கு வருமா, இல்லை வெளியாள் எவனாவது வந்து உட்காருவானா? அவருக்கு இது ஒன்றுதான் அரிப்பு. அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலத்தோடு அவளுக்கு விடுப்பு தொடங்குகிறது. காலையிலேயே கேட்டுவிட்டார்.

"மேடம், நான் தேறிட்டேனா?"

"என்ன செஞ்சீங்க, சொல்லுங்க அண்ணாச்சி."

"டிஸ்க் நெறஞ்சு கெடந்துச்சுல்லா? திங்கக்கிழமை ஒரு பழைய லைப்ரரியத் தூக்கிட்டேன்."

புரோகிராம்கள் ஓடுவதற்குத் துணையாக எடுத்துக்கொள்ளும் கோப்பைத்தான் அங்கே லைப்ரரி என்பார்கள்.

"தூக்கும்போது சிஸ்டம் ஒண்ணும் சொல்லலையா?"

"இதை நம்பி ரத்த இருப்பு காட்டுற புரோகிராம் இருக்குன்னு முனங்குச்சு. அது எப்பவும் அப்படித்தான பயமுறுத்தும்! கட்டாயம் நீக்குன்னு கமாண்டு குடுத்துட்டேன். நாலு நாளா எல்லாம் ஜம்முன்னு ஓடுது. தேவையில்லாததுன்னு தெரிஞ்சு போச்சுல்லா?"

முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

ஜெனோவா டம்ளரில் இருந்த மிச்ச மோரைக் குடித்து முடித்தாள். போனை எடுத்து, ரத்தம் கொடுக்கும் கவுண்டரைக் கூப்பிட்டாள்.

"அரைமணி நேரம் கம்ப்யூட்டர் இருக்காது. லேபிளைக் கண்ணால பாத்துப் பையைக் குடுங்க."

பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் புரோகிராமை நிறுத்திட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க."

"ரெண்டு நிமிச வேலைதான மேடம்? அரைமணி எதுக்கு?"

"பண்ணுங்க."

நிறுத்தினார். ஸ்டார்ட் கொடுத்தார். புரோகிராம் எழுந்திருக்கவில்லை. மறுபடி கொடுத்தார். லைப்ரரியைக் காணோம் என்று திரையில் ஒரு வரி வந்து நின்றது. ஆவுடையப்பன் அந்த வரியை இரண்டு தரம் படித்தார். எவனோ ஒருத்தன் ஆபரேஷன் மேசையில் கிடக்கும் நேரமாகப் பார்த்து இது நின்றிருந்தால்? ஐயோ சாமி!

"எடுத்தவரே போடுங்க" என்றாள். அவள் கீபோர்டு பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை.

லைப்ரரியைத் திரும்ப இன்ஸ்டால் செய்தார். பதற்றத்தில் வேறு வெர்ஷனைப் போட்டுத் தொலைத்தார். அதையும் நீக்கிவிட்டுச் சரியானதைப் போட்டார். புரோகிராம் எழுந்தது. கவுண்டருக்கு அவரே போன் பண்ணிச் சொன்னார்.

"அப்ப நாலு நாள் எப்படி மேடம் ஓடுச்சு?"

"அது ஏற்கெனவே ஓடிட்டிருந்ததுல்லா. ஆரம்பிக்கும்போதே லைப்ரரியப் பிடிச்சுக்கிடுச்சு. நீங்க நீக்கினப்பவும் பிடியை விடல. நிறுத்தினப்பதான் விட்டுச்சு."

அவருக்கு வெட்கமாக இருந்தது. இந்த வயதில் அழுகை வேறு முட்டிக்கொண்டு வந்தது.

"அப்ப நான் தேறல. வெளியாளையே கூப்பிட்டிருங்க."

"தேறினீங்களா இல்லையான்னு எனக்குத் தெரியல, அண்ணாச்சி. ஒரு வருசமா நல்லாத்தான் வேலை பாக்கீங்க. ஒரு வருசமா நானும் பக்கத்துலயே இருக்கேன்."

சர்வர் அறைச் சாவியை அவர் முன்னால் வைத்தாள். பையைத் தோளில் மாட்டினாள்.

"சாயங்காலம் வரைக்கும் இருப்பேன்னுல்லா சொன்னீங்க?"

"இப்பவே கெளம்புதேன். நான் இல்லாம ஓடுதான்னு பாப்போம்."