ஆயுள் தரும் அமரர் ஊர்தி

ஓர் ஊரில் ஒரு தகரக் கொட்டகை. அதில் இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்று ஆம்புலன்ஸ். மற்றது அமரர் ஊர்தி. ஒரே கம்பெனி, ஒரே எஞ்சின். பெயிண்ட் மட்டும் வேறு. வெள்ளையைக் கண்டால் ஊருக்கு ஆறுதல். கறுப்பைக் கண்டால் ஊர் கதவைச் சாத்தும்.

"ரோட்டுல என்னைக் கண்டா எல்லாவனும் ஒதுங்கி வழி விடுதான் பாத்தீரா?" என்று ஆம்புலன்ஸ் பீற்றிக்கொள்ளும்.

"எனக்கும்தாம் விடுதான்."

"எனக்கு விடுதது, உள்ள கிடக்கவன் பிழைக்கணும்னு. உமக்கு விடுதது, தான் பிழைக்கணும்னு."

"அதுவும் சரிதான்" என்று அமரர் ஊர்தி ஒத்துக்கொள்ளும்.

ஊர்க்காரர்கள் அதற்கென்று ஒரு சாத்திரம் வைத்திருந்தார்கள். வெளியே கிளம்பும்போது அது பிணத்தோடு எதிரே வந்தால் நல்ல சகுனம். காலியாக நின்றால் கெட்ட சகுனம்.

"அப்ப உமக்குள்ள எந்நேரமும் ஒருத்தன் கிடக்கணும்னு ஆசைப்படுதாவளோ?" என்று ஆம்புலன்ஸ் கேட்டது.

"ஆமா தம்பி. ஆனா அது அடுத்த வீட்டுக்காரனா இருக்கணும்."

அமரர் ஊர்திக்கு ஒரே ஓர் ஆசை. மனுசர் யாராவது பயமில்லாமல் தன்மேல் கை வைக்க வேண்டும். டிரைவர் கொம்பையாவைக் கணக்கில் சேர்க்க முடியாது. அது அவர் வேலை. மற்றவர்கள் பிணத்தை ஏற்றும்போதுகூட விரல் நுனியால்தான் கதவைத் தொட்டார்கள். இறக்கியதும் ஓடிப்போய்க் குளித்தார்கள்.

கொட்டகைக்கு எதிரே நல்லபெருமாள் அண்ணாச்சியின் இரும்புக்கடை. ஊரில் சாவுக்கு அதிகம் பயந்தவர் அவர்தான். இடுப்பில் ஒரு தாயத்து, கையில் ஒன்று, கழுத்தில் ஒன்று. உயில் எழுதினால் ஆயுள் குறையும் என்று எழுதவில்லை. சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினால் ஆள் விட்டுக் கிழிப்பார். சொந்த அக்காள் செத்ததற்கே தெருமுனையில் நின்று துக்கம் கேட்டவர்.

அவருக்குக் கடையில் உட்கார்ந்தால் நேரே தெரிவது அந்தக் கறுப்பு வண்டி. மனு எழுதிப் போட்டார். ஊரில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். அமரர் ஊர்தியைச் சுடுகாட்டுப் பக்கம் கொண்டு போய்விடுவது என்று முடிவானது.

"போயிட்டு வாரும்" என்றது ஆம்புலன்ஸ். அதற்குக்கூடக் கொஞ்சம் வருத்தம்தான்.

போவதற்குள் அண்ணாச்சிக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. கடையைத் திறந்து ஊதுபத்தி கொளுத்தியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கம்பிக்கட்டின் மேல் சாய்ந்தார். முகம் சாம்பலாகிவிட்டது. சத்தம் கேட்டு மனைவி வடிவு பின்கட்டிலிருந்து ஓடி வந்தாள். அண்ணாச்சியின் தம்பி சங்கரலிங்கம் ஆம்புலன்சுக்கு ஓடினான்.

ஆம்புலன்ஸ் கிளம்பவில்லை. பூஜைக்கு அதற்கு வாழைக்கன்று கட்டி, சந்தனம் பூசி, விடிய விடியக் கலர் பல்பு எரியவிட்டிருந்தார்கள். பேட்டரியில் பொட்டுச் சக்தி இல்லை. சாவியைத் திருகினால் க்ளுக் என்றது. அவ்வளவுதான்.

"எனக்கு வெக்கமா இருக்கு" என்றது ஆம்புலன்ஸ்.

"வெக்கப்பட நேரமில்ல" என்றது அமரர் ஊர்தி.

பெரிய ஆஸ்பத்திரி அடுத்த ஊரில். ஆட்டோக்காரர்கள் எல்லாரும் பூஜை போட்ட களைப்பில் எங்கோ கிடந்தார்கள். கொம்பையா கொட்டகையிலிருந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"என் வண்டி நிக்கி. டீசலும் இருக்கு."

கூட்டம் வாயைப் பிளந்தது.

"என்னவே சொல்லுதீரு? உசிரோட இருக்கவரை அதுல ஏத்தச் சொல்லுதீரா?" என்று சங்கரலிங்கம் சண்டைக்கு வந்தான்.

"ராகுகாலம் வேற" என்றார் ஒருவர்.

"திருநீறு பூசுங்க முதல்ல" என்றார் இன்னொருவர்.

அண்ணாச்சிக்குக் காது கேட்டது. பேச்சுதான் வரவில்லை. தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டினார். மாட்டேன் என்று அர்த்தம். சாவுக்குப் பயந்து சாகத் துணிந்துவிட்டார் மனுசர்.

வடிவு தெருவைக் கடந்து போனாள். அமரர் ஊர்தியின் கதவை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள்.

"திறங்க அண்ணே."

"மதினி, அது பொணம் ஏத்துத வண்டி!"

"தெரியுது. இன்னும் அரை மணி நேரம் இப்படியே நின்னு பேசுங்க. எப்படியும் அதுலதான் ஏத்துவீங்க. கொஞ்சம் முந்தி ஏத்துங்கன்னுதான் சொல்லுதேன். தூக்குங்கலே!"

தூக்கினார்கள். வேறு என்ன செய்ய?

அமரர் ஊர்தி அன்று ஓடிய மாதிரி என்றும் ஓடியதில்லை. அதன் பலகையில் படுத்த ஒருவர் முனகுவது அதுதான் முதல் தடவை. மெதுவாகவே போய்ப் பழகிய வண்டி. யாருக்கும் எந்த அவசரமும் இல்லாத பயணங்கள். அன்றைக்கு எஞ்சின் உறுமியது.

"இது... அந்த வண்டிதான?" என்று அண்ணாச்சி கண்ணைத் திறந்து கேட்டார்.

"ஆமா. நம்ம கட்டிலைவிட அகலமா இருக்கு. பேசாம கிடங்க" என்றாள் வடிவு. அவள் கை ஒன்று அவர் நெஞ்சின் மேல் இருந்தது. மற்றது வண்டிக் கம்பியைப் பிடித்திருந்தது. முழுக் கையாலும் பிடித்திருந்தது.

வழியில் லாரிகள் ஒதுங்கின. பஸ் நின்றது. நடந்து போனவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். ஒருவனும் குறுக்கே வரவில்லை. ஆம்புலன்ஸ்கூட அவ்வளவு சீக்கிரம் போயிருக்காது.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி கையை நீட்டினார். "பொணவறை பின்பக்கம். சுத்திப் போங்க."

"உசிரு இருக்குவே!" என்று கொம்பையா கத்தினார்.

"அப்ப எதுக்குவே இதுல வாறீரு?"

"சொல்லுதேன், முதல்ல கதவைத் திறயும்!"

அண்ணாச்சி பிழைத்துக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பிய மறுநாள், அவர் தாமரை மாலையோடு கொட்டகைக்கு வந்தார். அமரர் ஊர்திக்கு மாலை போட்டுத் தேங்காய் உடைத்தார். உள்ளே ஏறிப் பலகையில் கொஞ்ச நேரம் படுத்துவிட்டு இறங்கினார். "எமனோட வண்டியில ஏறி, அவனுக்கே டாட்டா காட்டிட்டு இறங்கியிருக்கேன்" என்றார். கூட்டம் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்புறம் கேட்க வேண்டுமா? காய்ச்சல் பிள்ளையைக் கொண்டுவந்து ஒருத்தி ஒரு நிமிஷம் கிடத்தினாள். காய்ச்சல் விட்டது. மாத்திரையும் கொடுத்திருந்தாள், அதை யாரும் பேசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வரிசை நின்றது. கதவில் மஞ்சள் துணி, கண்ணாடியில் சந்தனம், சக்கரத்தில் எலுமிச்சம்பழம். எந்தப் பக்கம் தலை வைப்பது, எந்தக் காலை முதலில் எடுத்து வைப்பது என்று சொல்ல ஒரு ஜோசியர் வந்து சேர்ந்தார். மனு என்ன ஆனதென்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. கொட்டகைக்குப் புதுக் கூரை வந்தது.

"நான் எத்தனை பேரைக் காப்பாத்தியிருக்கேன்" என்று ஆம்புலன்ஸ் பொருமியது. "எனக்கு ஒருத்தனாவது ஒரு பூவு வச்சானா?"

"உன்னைக் கண்டு பயமில்லையே தம்பி. பயந்தாத்தான் பூவு."

ஆனால் அமரர் ஊர்திக்குச் சந்தோஷம் இல்லாமல் இல்லை. தொட்டார்கள். தடவினார்கள். பிள்ளைகள் ஏறிக் குதித்தன. கொஞ்ச நாள்தான். அப்புறம் அது ஒன்றைக் கவனித்தது. இவர்களும் விரல் நுனியால்தான் தொட்டார்கள். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பழைய பயம்தான், சந்தனம் பூசி வந்திருந்தது.

தினமும் படுத்து எழுந்த ஒரு பெரியவர் செத்துப்போனார். "செருப்போட ஏறினாரு, நானே பாத்தேன்" என்றார் ஜோசியர். ஊர் ஒத்துக்கொண்டது.

அந்தப் பெரியவரை ஏற்றத்தான் கொம்பையா வண்டியை எடுக்கப் போனார். கூட்டம் மறித்தது.

"இதுல பொணத்தை ஏத்துவீரா? தீட்டுப் பட்டுராதா?"

"பொணம் ஏத்தத்தானவே இதைச் செஞ்சிருக்கான்!"

"அது அப்ப."

சாவியை அண்ணாச்சி வாங்கி வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஊரில் செத்தவர்கள் செங்கல் டெம்போவில் போனார்கள். அமரர் ஊர்தி நின்ற இடத்திலேயே நின்றது. டயரில் காற்று இறங்கியது.

வடிவு மட்டும் அதில் ஒருநாளும் படுக்கவில்லை.

"நீயும் ஒரு நிமிஷம் படுத்து எந்திரியேன்" என்பார் அண்ணாச்சி.

"எனக்குச் சோலி கிடக்கு" என்பாள்.

போகிற போக்கில், கதவில் ஒட்டியிருக்கும் காய்ந்த பூவைத் தட்டிவிட்டுப் போவாள், மாட்டின் மேல் ஒட்டிய வைக்கோலைத் தட்டுகிற மாதிரி. அமரர் ஊர்தி நாள் முழுவதும் காத்திருப்பது அதற்குத்தான்.

அடுத்த பங்குனியில் ஒருநாள் மத்தியானம், அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். கூப்பிட்டுப் பார்த்தார்கள். முடிந்துவிட்டது.

"ஒருநாளாவது படுத்தாளா? படுத்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?" என்று ஊர் பேசிக்கொண்டது.

செய்தி கொட்டகைக்கும் வந்தது.

"நான்தான் அவளைக் கொண்டு போகணும்" என்றது அமரர் ஊர்தி. "தம்பி, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். இந்த ஒரு தடவை."

"கொம்பையா கேக்கப் போயிருக்காரு" என்றது ஆம்புலன்ஸ்.

கொம்பையா அண்ணாச்சியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். "அண்ணாச்சி, சாவியைத் தாங்க. அம்மாவை நம்ம வண்டியில கொண்டு போவோம். காத்தடிச்சு, பேட்டரி மாத்தித் தயாரா வச்சிருக்கேன்."

அண்ணாச்சி அழுதுகொண்டுதான் இருந்தார். பொய் அழுகை இல்லை. ஆனால் கை மடியில் இருந்த சாவியை இறுக்கிக்கொண்டது.

"அது உசிரு தார வண்டி கொம்பையா. அதுல போயி..."

"உமக்கு உசிரு தந்தது வண்டியாவே? இந்தா கிடக்காவளே, இவியதான் தந்தாவ!"

"தெரியும்வே. எனக்குத் தெரியாதா? அவ போயிட்டா. நான் இருக்கணும்லா?"

கொம்பையா வாசலைத் தாண்டிப் போய் நின்றுகொண்டார்.

செங்கல் டெம்போ வந்தது. அண்ணாச்சி வீட்டு வாசலில் இடமில்லாமல், கொட்டகையை ஒட்டி நின்றது. பின்னால் செம்மண் தூசி. அதன்மேல் ஒரு பாயை விரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே" என்றது டெம்போ மெல்ல. "எனக்குக் கல்லு ஏத்தித்தான் பழக்கம். இதுக்கு முந்தி கொண்டு போனவங்களையும் குலுக்கித்தான் கொண்டு போனேன். இவிய நல்ல மனுசின்னு சொல்லுதாவ. எப்படிப் போகணும், சொல்லுங்களேன்."

அமரர் ஊர்தி சுடுகாட்டுப் பாதையை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தது. அப்புறம் சொன்னது.

"முதல் கியர்லயே போ. கூட வாறவன் நடையைவிட வேகமாப் போகாத. பள்ளிக்கூடத்துக்கிட்ட வேகத்தடை இருக்கு. முன்சக்கரம் இறங்கின பொறவு ஒரு மூச்சு நில்லு. அப்புறம் பின்சக்கரத்தை இறக்கு."

"சரிண்ணே."

"ஆத்துப் பாலத்துல இடப்பக்கம் ரோடு பெயர்ந்து கிடக்கு. வலப்பக்கமா ஒதுங்கு. யாரு ஹாரன் அடிச்சாலும் அவசரப்படாத. அவளுக்குத் தலை ஆடக் கூடாது."

"ஆடாம கொண்டு போறேன்."

டெம்போ போனது. வேகத்தடையில் ஒரு மூச்சு நின்றதை அமரர் ஊர்தி இங்கிருந்தே கேட்டது.

சாயங்காலம் எல்லாம் முடிந்து, குளித்து, ஈரத் துண்டோடு அண்ணாச்சி கொட்டகைக்கு வந்தார். தாழ்ப்பாளைத் திறந்தார். வலது காலை முதலில் எடுத்து வைத்தார். பலகையில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கையிரண்டையும் நெஞ்சின் மேல் சேர்த்து வைத்துக்கொண்டார்.

"என்னவே, இன்னைக்கும் வந்துட்டாரா?" என்றது ஆம்புலன்ஸ்.

அமரர் ஊர்தி அந்தக் கனத்தைக் கொஞ்ச நேரம் தாங்கிப் பார்த்தது. மூச்சு என்னவோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. எத்தனையோ பிணங்களைச் சுமந்த பலகை அது. அதற்குத் தெரியாததில்லை.

"தம்பி, ரொம்ப நாளைக்குப் பொறவு எனக்கு இன்னைக்குத்தான் பழைய வேலை கிடைச்சிருக்கு" என்றது.